நிழல் விழும் வீட்டுத் தோட்டத்தில் புல்தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்து வீடுகளில் புல்தரைக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கியதாகவோ, பழைய மாமரத்தின் அல்லது வேம்பின் அடியிலோதான் அமைகிறது. அங்கே பதிக்கப்படும் புல் முதல் சில மாதங்கள் பசுமையாக இருந்துவிட்டுப் பிறகு திட்டுத் திட்டாக மறைந்துபோவது வழக்கமான முறையீடு. இங்குள்ள விடைகள் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் புல் வகைகளும் பருவமும் வேறு என்பதால் அவை இங்கே சேர்க்கப்படவில்லை.

நிழலில் புல் ஏன் மெலிந்து நீள்கிறது? தண்ணீரும் உரமும் கொடுத்தும் பயன் இல்லையே?

புல்லின் உணவு இலையில் வெளிச்சத்தைக் கொண்டு தயாராகிறது. உரம் அதற்குத் துணைப்பொருள் மட்டுமே. வெளிச்சம் குறையும்போது இலையில் உருவாகும் மாவுச்சத்து குறைகிறது, வேருக்குப் போகும் பங்கு அதைவிட வேகமாகக் குறைகிறது, வேர் மேலோட்டமாகிறது, மிதித்தால் மீண்டெழும் ஆற்றலும் போய்விடுகிறது. மரநிழலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மேலே உள்ள இலைகள் சிவப்பு, நீல ஒளிகளை உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்கு உதவாத தொலைசிவப்பு ஒளியைக் கீழே அனுப்புகின்றன. புல்லில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி அந்த விகித மாற்றத்தை உணர்ந்து, பக்கத்துச் செடியை முந்தி மேலே எழ வேண்டும் என்ற கட்டளையைத் தருகிறது. அதனால்தான் நிழலில் வளரும் புல் கிளைக்காமல், அடர்த்தியில்லாமல், வெளிறிய இலைகளுடன் ஒல்லியாக நீள்கிறது. இந்த நேரத்தில் யூரியாவைத் தூவினால் அந்த நீட்சிதான் கூடுமேயன்றிப் புல் வலுப்பெறாது. நிழல் புல்தரைப் பராமரிப்பில் பெரும்பாலான தவறுகள் இந்த ஓர் இடத்திலிருந்தே தொடங்குகின்றன: வெளிச்சக் குறையை வேறு எதையாவது கூட்டிக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம்.

அருகம்புல் எங்கு வேண்டுமானாலும் முளைக்கிறதே, அதையே மரத்தடியிலும் வளர்க்கலாமா?

இயலாது. மணமக்களை "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோம். ஆனால் தழைத்த ஆலின் அடியில் அருகு வேரோடுவதை யாரும் பார்த்திருக்க முடியாது. அருகம்புல் வறட்சியையும் மிதிபாட்டையும் தாங்கும், உப்பு மண்ணையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நிழலை மட்டும் பொறுக்காது. நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தால்தான் அது அடர்ந்து படரும். நாற்றங்கால்களில் விற்கப்படும் மெல்லிலைக் கலப்பின அருகு வகைகள் பலவும் இதே இயல்புடையவை. விளையாட்டுத் திடலில் அழகாகத் தெரியும் அந்தப் புல்லை வாங்கி வந்து மரத்தடியில் பதிப்பது பணத்தை மண்ணில் போடுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் நிழலுக்கு ஏற்ற புல் எது?

நம் தட்பவெப்பத்தில் அகன்ற இலைப் புற்களே நிழலை நன்கு தாங்குகின்றன. முதலாவது செயின்ட் அகஸ்டின் புல். தடித்த, தட்டையான ஓடுதண்டும், படகின் முனைபோல் மழுங்கிய இலைநுனியும் இதன் அடையாளங்கள். இரண்டாவது ஆக்சனோபஸ் கம்ப்ரஸஸ் என்ற தாவரப் பெயருடைய அகலிலைக் கார்பெட் புல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றியும் சாலையோர மரங்களின் அடியிலும் பரவிக் கிடக்கும் புல் இதுதான். அங்கே இதனைக் கௌ கிராஸ் என்பார்கள். ஈரப்பதம் குறையாத மண்ணில், மென்னிழலில், அதிகப் பராமரிப்பின்றியே இது தரையை மூடிவிடும். ஆனால் நெடிய வறட்சியைத் தாங்காது.

இவற்றுக்கு 3 முதல் 4 மணி நேர நேரடி வெயிலோ, நாள் முழுதும் கிளைகளின் ஊடாகச் சிதறி விழும் ஒளியோ போதும். கொரியன் புல் என்று விற்கப்படும் சொய்சியா வகைகள் இடைநிலையில் உள்ளவை. மிதமான நிழலில் பிழைத்திருக்கும், ஆனால் வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். ஒருமுறை வழுக்கை விழுந்தால் மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வாங்கும்போது பெயரை நம்ப வேண்டாம். பஃபலோ, கார்பெட், மெக்சிகன் என்ற வணிகப் பெயர்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு புல்லைக் குறிக்கின்றன. இலையின் அகலத்தையும் ஓடுதண்டையும் நேரில் பார்த்து வாங்குவதே சரி. இயன்றால், நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழோ மரத்தடியிலோ வளர்ந்த புல் தாள்களையே (மண்ணோடு பாய்போல் பெயர்த்து விற்கப்படும் புல்) கேட்டு வாங்குங்கள்.

என் தோட்டத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மேகமில்லாத ஒரு நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நேரடி வெயில் பட்ட மணி நேரங்களைக் கூட்டினால் போதுமானது. கைப்பேசியில் ஒளியளவுச் செயலி இருந்தால், நண்பகலில் திறந்தவெளியில் ஒரு முறையும் நிழலில் ஒரு முறையும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்க்கலாம். உச்சி வெயிலில் திறந்தவெளி ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். கைப்பேசி காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும் ஒப்பீட்டுக்கு உதவும்.

இதை ஒரே நாளில் செய்துவிட்டு முடிவெடுக்காமல் இருப்பது முக்கியம். அதற்கான காரணத்தை அடுத்த விடையில் காணலாம்.

சித்திரையில் செழித்திருந்த புல் ஐப்பசியில் அழுகுகிறது. வீட்டின் வடபுறத்தில் மட்டும் இப்படி நடப்பது ஏன்?

நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 20 அடி உயரமுள்ள ஒரு மாடி வீடு, மார்ச் 21 அளவில் நண்பகலில் வடக்கே 5 அடிக்கும் குறைவாகவே நிழல் வீழ்த்துகிறது. ஜூன் மாதத்தில் அந்த நிழல் வடபுறத்தை விட்டே நீங்கித் தென்புறத்தில் 4 அடிக்குள் அடங்கிவிடுகிறது. டிசம்பரிலோ வடக்கே ஏறத்தாழ 15 அடிக்கு நீண்டுவிடுகிறது. அந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைவதால், சுவரை ஒட்டிய பகுதிக்கு நாள் முழுவதும் ஒரு கணமும் நேரடி வெயில் படாது.

இந்த நீண்ட நிழல் வரும் காலமும் வடகிழக்குப் பருவமழையின் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வெயிலும் இல்லை, வானமும் மூடியிருக்கிறது, மண்ணும் காயவில்லை. மதிலுக்கு இடையே காற்றும் புகாதபோது இலையில் ஈரம் நாள் கணக்கில் தங்குகிறது. நிழல் புல்தரைக்குக் கத்திரி வெயில்தான் பகை என்று நினைத்துக் கோடையில் கவலைப்படுவோர் பலர். உண்மையில் அதன் சோதனைக் காலம் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். ஆகையால் வெளிச்சத்தை அளக்கும்போது டிசம்பரில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் அளந்து, குறைந்த அளவை வைத்தே புல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திசைகளில் கிழக்குப்புறம் சிறந்தது. காலை வெயில் பனியையும் மழையீரத்தையும் விரைவில் உலர்த்திவிடும். மேற்குப்புறத்துக்கும் அதே அளவு மணி நேர வெயில் கிடைக்கலாம், ஆனால் அங்கே இலை நண்பகல்வரை ஈரமாகவே இருக்கும்.

புல்லை எந்த உயரத்தில் வெட்ட வேண்டும்?

வெயிலில் வெட்டும் உயரத்தைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விட வேண்டும். செயின்ட் அகஸ்டின் புல்லை நிழலில் 3 முதல் 4 அங்குலம் வரை வளரவிடலாம். அகலிலைக் கார்பெட் புல்லுக்கு 2 அங்குலமும் கொரியன் புல்லுக்கு அதே அளவும் பொருந்தும். இலைதான் ஒளியைப் பிடிக்கும் பரப்பு என்பதால், ஒட்ட வெட்டுவது ஏற்கெனவே பசியில் இருக்கும் செடியின் உணவையே பறிப்பதாகும். ஒரே முறையில் இலை நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கக் கூடாது.

கூலிக்கு வந்து வெட்டுபவர்கள் அடுத்த முறை வரும் இடைவெளியை நீட்டிக்க எண்ணி மொட்டையடித்ததுபோல் வெட்டிவிட்டுப் போவது உண்டு. இயந்திரத்தின் உயர அளவை நீங்களே நின்று அமைத்துக் கொடுப்பது நல்லது. கயிறு சுழலும் வகை இயந்திரங்களில் உயரத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். அவை இலைநுனியைக் கிழித்து நோய்க்கு வழி திறப்பதும் உண்டு. சிறிய இடமானால் கூரான கத்தரியே போதும்.

உரம் எவ்வளவு இட வேண்டும்?

வெயில் புல்தரைக்கு இடுவதில் பாதி. 100 சதுர அடிக்கு ஒரு முறைக்கு 50 கிராம் யூரியா என்பதே மேல் வரம்பு. அதையும் மாசி முதல் ஆவணி வரையிலான வளர்ச்சிக் காலத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஈரமான மண்ணில், உலர்ந்த இலையின்மீது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். புரட்டாசிக்குப் பிறகு யூரியா தரும் தழைச்சத்து வேண்டவே வேண்டாம். இலைக்கும் தண்டுக்கும் உறுதி தரும் சாம்பல்சத்தை மழைக்கு முன் ஒருமுறை சிறிதளவு கொடுக்கலாம்.

என் விருப்பம் யூரியாவைவிட நன்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஆகும். சலித்து, மணலுடன் கலந்து, புல் மூடிப்போகாதபடி கால் அங்குலக் கனத்துக்குத் தூவினால் சத்து மெதுவாகக் கிடைக்கும், மரவேர்களால் இறுகிய மண்ணும் இளகும்.

தண்ணீர் விடுவதில் என்ன கவனம் தேவை?

சுவர் நிழலுக்கும் மர நிழலுக்கும் விடை வேறு. சுவர் நிழலில் ஆவியாதல் குறைவு. வெயில் பகுதிக்கு நாள்தோறும் தண்ணீர் தேவைப்படும் கோடையிலும் அங்கே மூன்று நாளைக்கு ஒரு முறை போதுமானதாக இருக்கலாம். மரத்தடியில் அப்படியன்று. வெயில் படாவிட்டாலும் மரவேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அடர்ந்த இலைக்கூரை சிறுமழையைத் தரைக்கு வரவிடாமல் தடுத்துவிடும். ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள். 4 அங்குலம் எளிதாக இறங்கினால் அன்று தண்ணீர் வேண்டாம்.

விடும்போது ஆழமாக விட வேண்டும், விடியற்காலையில் விட வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்து மாலையில் குழாயைத் திறந்து இலைமீது தெளிக்கும் பழக்கம் இரவு முழுவதும் இலையை நனைத்து வைத்துப் பூஞ்சணத்தை வரவேற்கிறது. தானியங்கித் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் வெயில் பகுதிக்கும் நிழல் பகுதிக்கும் ஒரே குழாய்த்தொடரைப் பயன்படுத்தினால் ஒன்று காயும் அல்லது மற்றது அழுகும்.

மரத்தை வெட்டாமல் வெளிச்சத்தைக் கூட்ட முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் எல்லாவற்றையும்விடப் பயன் மிகுந்த வேலையும் இதுவே. தரையிலிருந்து 8 முதல் 10 அடி வரையுள்ள கீழ்க்கிளைகளை நீக்கினால், காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் மரத்தின் அடிக்குள் நுழையும். பிறகு உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உராய்பவை, காய்ந்தவை ஆகிய கிளைகளைக் களைந்தால் மேலிருந்தும் ஒளி சிதறி இறங்கும். ஓர் ஆண்டில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் நீக்கக் கூடாது. மாமரமாக இருந்தால் காய் பறித்து முடித்த ஆவணி, புரட்டாசியில் கவாத்து செய்வது முறை. மழைக்கு முன் கிளைகளைக் குறைப்பதால் காற்றுப் பிடிப்பும் குறைகிறது. 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூடுதல் ஆதாயத்தை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் தலையை ஒட்டுமொத்தமாகத் துண்டிப்பது மட்டும் கூடாது. அது மரத்துக்கும் கேடு, ஓராண்டுக்குள் முன்னைவிட அடர்ந்த போத்துகள் கிளம்பி நிழலும் கூடிவிடும். தெருவோர மரமாக இருந்தால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது.

சுவர் நிழலுக்கு ஒரு சிறிய உபாயம் உண்டு. எதிரே உள்ள மதிலுக்கு வெள்ளையடித்தால் சிதறொளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும்.

மரவேர்கள் மேலே தெரிகின்றன. செம்மண் கொட்டிச் சமன்செய்து புல் பதிக்கலாமா?

கூடாது. மரத்துக்கு உணவும் நீரும் தேடித்தரும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் உள்ளது. அதன்மேல் அரை அடி மண்ணைப் பரப்பினால் காற்றோட்டம் அடைபட்டு வேர்கள் மூச்சுமுட்டும். பாதிப்பு உடனே தெரியாமல், சில ஆண்டுகள் கழித்துக் கிளைநுனிகள் காய்வதாக வெளிப்படும். அடிமரத்தைச் சுற்றி மண் அணைப்பது பட்டையையும் அழுகச் செய்யும். வேர்களை வெட்டிச் சமன்செய்வது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் மரத்தைப் பிடித்து நிறுத்துவதும் அவையே. அடிமரத்தைச் சுற்றி 3 அல்லது 4 அடிக்குப் புல்லே வேண்டாம் என்று விட்டுவிட்டு, அங்கே சருகோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ 2 அங்குலக் கனத்துக்குப் பரப்பி வையுங்கள். அப்பால் உள்ள பகுதியில் புல்லைத் தாளாகப் பதிக்காமல், வேர்களின் இடையே சிறுசிறு பதியன்களாக ஊன்றினால் நன்றாகப் பிடிக்கும்.

உதிர்ந்த சருகுகளை அப்படியே விட்டால் உரமாகிவிடாதா?

வேம்பும் புங்கும் மாசி, பங்குனியில் கொட்டுபவை சிறு இலைகள்; மெல்லிய படலமாக இருந்தால் அவற்றை இயந்திரத்தால் நொறுக்கி அங்கேயே விடலாம். மா, பலா, நாட்டுவாதுமை இலைகள் அகன்று தடித்தவை. ஒரு வாரம் கிடந்தாலே கீழே உள்ள புல் வெளுத்துவிடும். எனவே நாள்தோறும் பெருக்கி ஒரு மூலையில் மட்கவிடுவதே சரி. சவுக்கு, தைலமரம், புளி ஆகியவற்றின் உதிரிகளை முற்றிலும் அகற்றுங்கள்.

மழைக்காலத்தில் பழுப்புத் திட்டுகளும் புள்ளிகளும் வருகின்றன. மருந்து அடிக்க வேண்டுமா?

வட்டமாகப் பரவி, இலையைப் பிடித்து இழுத்தால் அடியில் அழுகிக் கழன்று வருமானால் அது ரைசோக்டோனியா பூஞ்சணத்தால் வரும் பழுப்புத் திட்டு நோய். செயின்ட் அகஸ்டின் புல்லில் சாம்பல் நிற நடுவும் பழுப்பு விளிம்பும் கொண்ட புள்ளிகள் தோன்றினால் அது பைரிகுலேரியா என்ற பூஞ்சணம். நெல்லில் குலை நோயை உண்டாக்கும் அதே இனம். தழைச்சத்து மிகுந்த வயலில் குலை நோய் முதலில் விழும் என்பது உழவர்கள் நன்கு அறிந்த செய்தி, புல்தரைக்கும் அது அப்படியே பொருந்தும். ஆகவே முதலில் உரத்தை நிறுத்துங்கள், மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள், வெட்டிய புல்லை வாரி வெளியேற்றுங்கள், நீர் தேங்கும் பள்ளத்துக்கு வடிகால் கொடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஆகிய உயிரியல் பொருள்களை மட்கிய உரத்துடன் கலந்து மழைக்கு முன் இடுவது தடுப்பாக உதவும். நோய் முற்றிய பிறகு அவற்றிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வெளிச்சமும் காற்றும் வராத இடத்தில் இரசாயன மருந்தால் கிடைப்பதும் சில வார அவகாசம்தான்.

பச்சைப் பாசி படர்வது தனி நோயன்று. புல் விட்டுச்சென்ற ஈரமான வெற்றிடத்தை அது நிரப்புகிறது. பாசி வந்தால் சுண்ணாம்பு தூவ வேண்டும் என்ற அறிவுரை அமில மண் உள்ள குளிர்நாடுகளிலிருந்து வந்தது. களர்த்தன்மை பரவலாக உள்ள நம் மண்ணில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் இரும்புச்சத்து பிடிபடாமல் புல் மஞ்சளிக்கும். தோட்டக் கவையால் மண்ணைக் குத்தி இளக்கி, துளைகளில் மணல் நிரப்புவதே தக்க பரிகாரம்.

எந்த மாதத்தில் பதிப்பது நல்லது?

வீட்டின் வடபுறமானால் பங்குனி இறுதியில். அப்போதுதான் வெயில் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கும். தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால், மழை தொடங்கும் முன் வேரூன்ற ஆறு மாதம் கிடைக்கும். தென்புறமானால் தை மாதமே போதும். மரத்தடியில் கவாத்து முடிந்தவுடன் பதிக்கத் தோன்றும். ஆனால் கவாத்து புரட்டாசியில் நடந்திருந்தால் மழை ஓயும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

எல்லாம் செய்தும் புல் நிற்கவில்லை என்றால்?

மூன்று மணி நேர வெயிலும் இல்லாத, சிதறொளியும் குன்றிய இடத்தில் எந்தப் புல்லும் நிலைக்காது. ஆண்டுதோறும் புதுத் தாள்கள் வாங்கிப் பதிப்பதைவிட அங்கே புல்லைக் கைவிடுவது மேல். ஈரம் நிற்கும் மென்னிழலில் வல்லாரை அழகாகத் தரையை மூடும், சமையலுக்கும் ஆகும். புல்லின் தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு, நாற்றங்கால்களில் குட்டை மோண்டோ என்று கிடைக்கும் செடி பொருந்தும். அது புல்லினம் அன்று, வெட்டவும் தேவையில்லை, ஆனால் பரவ நாளாகும், மிதியும் தாங்காது. சற்று உயரம் இருந்தாலும் பரவாயில்லை என்றால் பெரணிகள், குளோரோபைட்டம், கனகாம்பரம், மஞ்சள் எல்லாம் உள்ளன. மஞ்சள் பூவுடன் விரைவாகப் படரும் வெடிலியாவைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது நீர்நிலை ஓரங்களில் தப்பிச்சென்று மற்றச் செடிகளை அமுக்கிவிடும் இயல்புடையது என்பதால் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

செயற்கைப் புல் விரிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். மொட்டைமாடியிலோ பால்கனியிலோ விரிக்கலாம். மரத்தடி மண்மீது விரித்தால், நிழலில் காயாத ஈரம் அதன் கீழே தங்கி, துர்நாற்றமும் பூச்சியும் சேரும். வேர்களுக்குக் காற்றும் குறையும்.

குழந்தைகள் ஓடியாடினால் நிழல் புல் தாங்குமா?

ஓரளவுக்குத்தான். வெயில் புல் ஒரு வாரத்தில் ஆற்றிக்கொள்ளும் காயத்தை நிழல் புல் ஆற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். வாசலிலிருந்து கிணற்றடிக்கோ துணி காயப்போடும் கொடிக்கோ நாள்தோறும் நடக்கும் தடத்தில் புல்லை வளர்க்க முயலாமல், ஓரடி அகலக் கடப்பைக் கற்களை ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்றாக மண்மட்டத்துக்குப் பதித்துவிடுங்கள். ஊஞ்சலுக்குக் கீழே மணல் போடுங்கள். மழை பெய்து தரை ஊறியிருக்கும் நாள்களில் மட்டும் யாரையும் மிதிக்கவிடாதீர்கள். ஈர மண் இறுகிவிட்டால் அதைத் திரும்ப இளக்குவது, புதிதாகப் புல் பதிப்பதைவிடக் கூடுதல் வேலை.